மழைக்கு முன் ஓடவேண்டிய ஜீப்

செப். 27, சனி

வெயில். புரட்டாசி மாதமாம். இரும்பு மில்லில் பகல் ஷிப்ட். ரோலிங் ஸ்டாண்டில் பேரிங் மாற்றி முடிக்கும்போது சட்டை முழுக்க உப்பு. ஷிப்ட் முடிந்து நேராக மெக்கானிக் கவுஸ் பாய் ஷெட்.

என் ஜீப் இன்ஜின் முழுக்கப் பிரித்து மேஜையில் கிடக்கிறது. பிளாக் போரிங் முடிந்து வந்துவிட்டது. புது பிஸ்டன், புது ரிங். ஹெட் இன்னும் லேத்தில். டர்போ, இன்ஜினுக்குக் கூடுதல் காற்றை ஊதித் தள்ளும் விசிறி, திங்கட்கிழமை வரும். என் மகளைவிட வயதான இன்ஜின், பிறந்தபோது அதற்கு டர்போ கிடையாது. இப்போது வைக்கிறேன் என்கிறேன். பாய்க்கு அதில் இஷ்டமே இல்லை.

"ரிங்கு மாத்திக்கினு ஓட்டுய்யா சேகரு. வயசான கட்டைக்கு இன்னாத்துக்கு டர்போ?"

"போன வருசம் தண்ணில பாதில நின்னுடுச்சே பாய். நாலு சக்கரமும் சுத்துது. இழுக்கத்தான் தம்மு இல்ல."

போன வருஷம் நடந்தது அவருக்கும் தெரியும். பொன்னேரி போகிற தரைப்பாலம் ஆற்றில் மூழ்கி, என் வீட்டுக்காரி மல்லிக்கு அடுத்தடுத்து இரண்டு டயாலிசிஸ் தவறி, கடைசியில் கட்டிலோடு டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போனோம். முகம் வீங்கி, கண் இரண்டும் கீறல் மாதிரி. என்னைப் பார்த்து "யாரு?" என்றாள். இந்த வருஷம் அது நடக்கக்கூடாது. ஜீப் வேலை அதற்குத்தான். பெருமைக்கு இல்லை. சரி, பெருமையும் கொஞ்சம் இருக்கிறது.

வாங்க: ஆயில் பில்டர், ஹோஸ் கிளாம்ப், மல்லிக்கு கால்சியம் மாத்திரை, எலிப்பொறி.

செப். 30, செவ்வாய்

டயாலிசிஸ். ஷேர் ஆட்டோ, பஸ், மறுபடி ஆட்டோ. பொன்னேரி போய்ச் சேருவதற்குள்ளேயே அவள் பாதி. திரும்பி வரும்போது மீதியும் போய்விட்டது.

திருநின்றவூரிலிருந்து மச்சினி போன். "அக்காவ மழ முடியற வரைக்கும் இங்க உட்டுடுங்க மாமா. ஆஸ்பத்திரி பக்கத்துலயே கீது." நான் பதில் சொல்வதற்குள் மல்லி போனைப் பிடுங்கினாள். "உன் ஊட்ல ரெண்டு ரூம்பு. மாமியாரு வேற. நான் அங்க வந்து மூச்சு வாங்கிக்கினு உக்காரணுமா? எங்களுக்கு ஜீப்பு ரெடியாவுது." என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவள் என் பக்கம் பேசியதில் ஜில்லென்று இருந்தது. இந்த வயதில் இது வேறு, முட்டாள் நான்.

ஒரு நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அவளுக்கு. ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு சீரியல் பார்க்கிறாள்.

டர்போ வந்துவிட்டது. இரண்டு கையும் ஏந்தும் அளவு. தங்கம் மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம், நானும் பாயும்.

அக். 1, புதன். ஆயுத பூஜை

மில் லீவு. ஷெட்டில் காலையிலிருந்து கழுவல். பாய் முஸ்லிம். ஆனால் ஒரு வருஷமும் பூஜையை நிறுத்தியதில்லை. பொரி, பூசணிக்காய் எல்லாம் அவர் செலவு. ஆள்கள் செய்வார்கள், அவர் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

மல்லி வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். "எனக்காகத்தான ரெடி பண்ற? அத்த நான் பாக்கக் கூடாதா?" ஆட்டோவில் கூட்டிப்போனேன். புதுப் புடவை. ஊசி போடும் கை தெரியாமல் முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள்.

தூசி போகாமல் இன்ஜினிலும் டர்போவிலும் திறந்திருந்த ஓட்டைக்கெல்லாம் பாய் துணி அடைத்து வைத்திருந்தார். கிரீஸ் ஏறிய கறுப்புத் துணி. பூஜையில் அழுக்குத் துணியா என்று எல்லாவற்றையும் நான்தான் உருவிப் போட்டேன். ஸ்பேனர், ஜாக்கி, பிளாக், ஹெட், டர்போ, எல்லாம் பலகையில் வரிசையாக. மல்லி ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், அதன்மேல் குங்குமம். நிற்க முடியவில்லை, ஸ்டூலில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தாள். டர்போவுக்கு மட்டும் பெரிய பொட்டு. "இதானே புதுசா வந்த மாப்ள?" ஷெட்டே சிரித்தது. போட்டோ எடுத்தேன்.

ரொம்ப நாளுக்குப் பிறகு அவள் முகத்தில் அந்தப் பழைய திமிர். நன்றாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

அக். 2, வியாழன்

விஜயதசமி. இன்றைக்கு நல்ல நேரத்தில் கையை வைத்தால்தான் வேலை ஓடும். பாய் சொந்தத்தில் கல்யாணம் என்று போய்விட்டார். நல்ல நேரம் முடிவதற்குள் டர்போவை மாட்டிவிட வேண்டும் என்று நானே உட்கார்ந்தேன். பொட்டு எல்லாவற்றையும் துணியால் துடைத்தேன். காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, அழுத்தித் துடைத்ததில் போய்விட்டது.

டர்போ தலையில் ஆயில் போகிற ஓட்டை. சுண்டுவிரல் நுனிகூட நுழையாது. பைப் மாட்டுவதற்கு முன் அதில் ஆயில் ஊற்றி நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஸ்டார்ட்டில் உள்ளே காய்ந்தே சுற்றும். ஊற்றினேன். நாலு சொட்டிலேயே நிரம்பி வழிந்தது. இவ்வளவு சீக்கிரமா? நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

வரும் வழியில் இஞ்சி, பூண்டு. எலிப்பொறி மறந்துவிட்டது, மறுபடியும்.

அக். 11, சனி

மேகம். ஸ்டார்ட்!

முதல் சுற்றிலேயே பிடித்தது. புகை இல்லை. பழைய மாட்டு இருமல் இல்லை. ஆக்சிலேட்டரை மிதித்தால் விசில். காற்று இழுக்கும் குழாயைக் கூரை வரைக்கும் ஏற்றிவிட்டோம், பானெட் மூழ்கினாலும் மூச்சு விடும். பாய் காதை வைத்துக் கேட்டார்.

"விசிலு கொஞ்சம் கரகரன்னு கீதே."

"புதுசு பாய். போகப் போக செட்டாயிடும்."

"மெதுவாவே ஓட்டு. புது ரிங்கு தேஞ்சு செட்டாயி உக்கார்ற வரைக்கும் மிதிக்காத."

அக். 17, வெள்ளி

மழை தொடங்கிவிட்டது. ஜீப்பில் பொன்னேரிக்கு, இரண்டாவது தடவை. மல்லி முன் சீட்டில் தலையணை வைத்துக்கொண்டு ராணி மாதிரி. தரைப்பாலத்தில் கணுக்கால் தண்ணீர், தெரியவே இல்லை. மெதுவாகத்தான் ஓட்டினேன். திரும்பும்போது வழக்கமாகத் தூங்குகிறவள் பேசிக்கொண்டே வந்தாள். தீபாவளிக்கு மகள் பெங்களூரிலிருந்து வருகிறாள், அதிரசம் சுட வேண்டும், தன்னால் தின்ன முடியாது, ஆனாலும் சுட வேண்டும்.

அக். 21, செவ்வாய்

தீபாவளிக்கு மறுநாள். விடாத மழை. மகளை நேற்று சாயங்காலமே பஸ் ஏற்றிவிட்டது நல்லது.

தரைப்பாலத்தில் பாதி டயர் உயரம் தண்ணீர், இழுப்பு வேறு. இதற்காகத்தானே இத்தனை வேலையும். நாலு சக்கரமும் போட்டு, லோ கியரில் இறக்கினேன். முதன்முறையாக நன்றாக மிதித்தேன். அப்படி இழுத்தது! மல்லி கம்பியைப் பிடித்துக்கொண்டு "போ, போ" என்றாள்.

பாலத்தின் நடுவில் விசில் கத்தலாக மாறியது. பிறகு ஒரு சத்தம், டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கினாற்போல. விசில் நின்றது. பின்னால் கறுப்புப் புகை. இன்ஜின் திணறித் திணறி அடங்கியது. எத்தனை தடவை அடித்தும் எழவில்லை.

தண்ணீர் ஏறி, கதவு வழியாக உள்ளே வந்தது. அவள் காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டாள். கத்தவில்லை. "பரவால்ல, பரவால்ல" என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

எதிர் வீட்டு மணி டிராக்டர் கொண்டுவந்து கயிறு கட்டி இழுத்தான். அக்கரைக்கு இழுக்க முடியவில்லை. எங்கள் ஊர்ப் பக்கமே இழுத்தான். டயாலிசிஸ் போச்சு. ஏரி மதகையும் திறந்துவிட்டார்கள் என்கிறார்கள்.

அக். 23, வியாழன்

நேற்று முழுக்க ஆறு இறங்கவில்லை. காலும் முகமும் வீங்கிவிட்டன. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்காரவைத்து முதுகைப் பிடித்துக்கொண்டேன். வெளியே ஊரெல்லாம் தண்ணீர். இவளுக்குள்ளும் தண்ணீர்.

இன்று காலை தீயணைப்புப் படகு. அக்கரையில் ஆம்புலன்ஸ். பொன்னேரியில் முடியாது என்று சென்னை. ஐ.சி.யூ. கண்ணாடிக்கு வெளியே நான், மச்சினி, அவள் டிபன் கேரியர். மச்சினி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அக். 24, வெள்ளி

பிழைத்துவிட்டாள். டாக்டர் சின்னப் பெண், மெதுவாகச் சொன்னாள். நுரையீரலில் நீர் கோர்த்ததில் இதயம் அடிபட்டிருக்கிறதாம். பாதி பலம்தானாம். "இனிமே ஒரு டயாலிசிஸ்கூட மிஸ் பண்ணக் கூடாதுங்க." சரிங்க என்றேன்.

அக். 26, ஞாயிறு

மழை விட்டது. ஜீப்பை மணி ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். நானும் பாயும் பிரித்தோம்.

டர்போ ஷாப்ட் இறுகிக் கிடந்தது, நீலம் பாய்ந்து. ஆயிலே இல்லாமல் சுற்றியிருக்கிறது. விசிறியின் துண்டுகள் உள்ளே போய் இரண்டு பிஸ்டனைக் கொத்திவிட்டன. ஆயில் ஏன் வரவில்லை? பம்ப் சரி. பைப் சரி. பாய் டர்போ தலையில் இருந்த ஓட்டையில் கம்பியை விட்டார். ஏதோ தடுத்தது. சுரண்டினார். மஞ்சளாக, கட்டியாக, நுனியில் கொஞ்சம் சிவப்பு. நடுவில் ஊசி முனை அளவு வழி, அதில் கசிந்த எண்ணெயில்தான் இத்தனை நாள் ஓடியிருக்கிறது.

மோந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். ஆயில் வாடைக்குள்ளும் தெரிந்தது. சந்தனம்.

போனில் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். ஸ்டூலில் மல்லி, சிரிப்பு, விரல் சரியாக டர்போ தலையில். வட்டமாக, நடுவில், பொட்டு வைக்கவே செய்தாற்போல ஓர் ஓட்டை. யாருக்கும் அங்கேதான் வைக்கத் தோன்றும். மறுநாள் துடைக்கிறேன் என்று உள்ளே தள்ளியவன் நான். நாலு சொட்டில் நிரம்பியதே, அப்போதே உறைத்திருக்க வேண்டும். மில்லில் எத்தனை ஆயில் லைன் பார்த்தவன்.

பாய் அந்தக் கட்டியைத் துணியில் துடைத்துத் துணியை அடுப்பில் போட்டார். "இது உங்கூட்டம்மாவுக்குத் தெரிய வேணாம். என் வாயால வராது. உன் வாயாலயும் வரக் கூடாது."

"சரி பாய்."

"துணிய உருவும்போது நான் பாத்துக்கினுதான்யா உக்காந்திருந்தேன். பூஜையாச்சேன்னு வாய மூடிக்கினேன்." கையைக் கழுவப் போனார். ரொம்ப நேரம் கழுவினார்.

அக். 28, செவ்வாய்

டயாலிசிஸ், ஆஸ்பத்திரியிலேயே. வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். இட்லி ஒன்று. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது.

"ஜீப்புக்கு இன்னா ஆச்சாம்?"

"டர்போ மட்டமான சரக்கு. ஏமாத்திட்டானுங்க."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"யோவ். அன்னிக்கு நான் எங்கனா பொட்டு வெக்காம உட்டுட்டனா?"

"இல்ல மல்லி."

"நெசமாச் சொல்லு. கடைசில எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. ஒண்ணு ரெண்டு உட்டிருப்பேன். அதான் இப்டி ஆயிடுச்சு. என்னாலதான்."

"நீ ஒண்ணும் உடல. எல்லா எடத்துலயும் வெச்ச."

நம்பவில்லை. மச்சினி கோயிலிலிருந்து கொண்டுவந்த குங்குமப் பொட்டலம் தலையணைக்கடியில் இருந்தது. எடுத்து என் சட்டைப் பையில் வைத்தாள். ஊசி ஏறி வீங்கிய கை, பட்டனைப் போடக்கூட முடியவில்லை. "புதுசு வாங்கனா நீயே வெச்சுடு. நான் உட்டதெல்லாம் சேத்து வெச்சுடு."

வராந்தாவுக்கு வந்து அழுதேன்.

அக். 31, வெள்ளி

மறுபடி மழை. மிஷினில் போட்ட கொஞ்ச நேரத்தில் பி.பி. இறங்கி, பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். நாளை பார்க்கலாம் என்கிறார்கள். சட்டை துவைக்கவில்லை. குங்குமம் பையிலேயே இருக்கிறது.