பாட்டிலிருந்து நீ காணாமல் போன மதியம்

என் செல்லத் தம்பி பாபு,

ஒரு வாரமாக எனக்குக் கை கால் ஓடவில்லை. நேற்று அரிசியைக் களைந்து வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமலே ஒரு மணி நேரம் சமையலறையில் நின்றிருக்கிறேன். வகுப்பறையிலேயே வயதைக் கழித்தவள் நான், லேசில் அதிர்ந்துபோகிறவள் இல்லை. இப்போது அதிர்ந்துபோயிருக்கிறேன். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

முதலில் உன் மனைவி ஃபிலோவைப் பற்றிச் சொல்கிறேன். நல்லபடியாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், என்னோடு சண்டையும் போடுகிறாள். ஆனால் போன மாதம் துணி மடித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, "அக்கா, அவர் குரல் எனக்கு மறந்துபோச்சு," என்றாள். "முகத்துக்கு போட்டோ இருக்கு. குரலுக்கு என்ன இருக்கு? நீங்க அவரு மாதிரி கொஞ்சம் பேசிக் காட்டுங்களேன்."

பேசிப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது. நீ பேசியது எதிலுமே பதிவாகவில்லை, பாபு. உங்கள் கல்யாண வீடியோவில்கூட ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சினிமாப் பாட்டைத்தானே ஒட்டி வைத்திருக்கிறார்கள்? அன்றிலிருந்து அவள் ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துகொண்டிருந்தாள்.

நம் காக்ஸ் டவுன் வீட்டு மாடியில் இப்போது செந்தில் என்று ஒரு ஈரோட்டுக்காரர் குடியிருக்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. போன ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்து, கறிக்குழம்பு கொடுக்க நானும் ஃபிலோவும் மேலே போனோம். மனிதர் டிவிக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அதில் கம்பியே இல்லை. அந்தக் கிட்டாரின் கழுத்தில் ஐந்து வண்ணப் பொத்தான்கள். டிவியில் ஒரு பாதை, அதில் வண்ண வில்லைகள் வழுக்கி வருகின்றன. கோட்டைத் தொடுகிற நேரம் பார்த்து அதே வண்ணத்தை அழுத்தி, இன்னொரு கையால் ஒரு தட்டு தட்ட வேண்டும். வீடியோ கேமாம்.

"வாசிக்கத் தெரியுமா உங்களுக்கு?" என்றேன்.

"ஒண்ணும் தெரியாதுங்க ஆன்ட்டி. சினிமாப் பாட்டத் தவிர வேற கேட்டதே இல்லை. இதை வாங்கின பிறகுதான் இங்கிலீஷ் பாட்டெல்லாம் கேக்கறேன். இப்ப ஆபீஸ் பஸ்லயும் இதேதான் ஓடுது. நீங்களும் பிடிங்க." இன்னொரு கிட்டாரை என் கழுத்தில் மாட்டினார். "நீங்க பேஸ் கிட்டார் எடுத்துக்கங்க, பாட்டுக்கு அடியில ஓடற தடிச்ச சத்தம். அது ஈசி. தப்பாப் போனாலும் யாருக்கும் கேக்காது."

ஃபிலோ என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். நீ வாசித்தது அதைத்தானே? நாலு தடித்த கம்பி போட்ட கிட்டாரை மாட்டிக்கொண்டு கல்யாண ரிசப்ஷன் மேடைகளில் பின்வரிசையில் நிற்பாய். "மாப்ள, உன் கிட்டாருக்கு ஒயர் சொருகியிருக்கா?" என்று நம் மாமா ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒவ்வொரு தடவையும் சிரிப்பாய்.

ஆட்டம் ஆரம்பித்தது. பச்சை, பச்சை, சிவப்பு. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி மெதுவாகப் பிடித்துக்கொண்டேன். பாதியில் மூக்குக் கண்ணாடி நழுவியது. நாலைந்து வில்லைகளைத் தவறவிட்டேன்.

பாட்டு ஒடிந்தது, பாபு. பாடுகிறவர் பாடிக்கொண்டுதான் இருந்தார், டிரம் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் எல்லாம் அந்தரத்தில் தொங்கியது. நாம் தவறவிட்டால் நம்முடைய வாத்தியத்தை மட்டும் அந்த கேம் நிறுத்திவிடுகிறது. சரியாக அழுத்தினால் திருப்பிக் கொடுக்கிறது. நான் வேண்டுமென்றே கையை எடுத்தேன். அழுத்தினேன். மறுபடி எடுத்தேன். வகுப்பில் மின்விசிறி ஓடுகிற சத்தத்தை எந்தப் பிள்ளையும் கவனிப்பதில்லை. கரண்ட் போகட்டும், ஐம்பது தலையும் மேலே நிமிரும். அப்படித்தான் நிமிர்ந்தேன். இதையா நீ செய்துகொண்டிருந்தாய்? எங்களுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்துமா சிரித்தாய்?

"குடுங்கக்கா," என்று ஃபிலோ கிட்டாரைப் பிடுங்கினாள். அவளும் அழுத்தினாள், விட்டாள். பிறகு கீழே ஓடினாள். வரும்போது கையில் டேப் ரிக்கார்டரும் ஒரு கேசட்டும். ஆஸ்டின் டவுனில் ஒரு ரிசப்ஷனில் உங்கள் குழு வாசித்தது. நீ கண்மூடிய பிறகு அவள் அதைத் தொட்டதே இல்லை. பாடினது வேற ஆளு, மைக்கில் பேசினது வேற ஆளு, இதில் அவர் எங்கே என்பாள்.

செந்தில் அதைத் தன் பெரிய ஸ்பீக்கரில் இணைத்தார். பாடகர் குரல், அதன் மேல் கீபோர்ட், கூட்டத்தின் இரைச்சல். "இந்தாளு கொஞ்சம் வாயை மூடினா தேவல," என்றாள் ஃபிலோ.

"அவரை விடுங்க ஆன்ட்டி. அடியில கேளுங்க."

கேட்டோம். இருந்தாய். முதல் பாட்டிலிருந்தே இருந்தாய்.

மூன்றாவது பாட்டில் பாடகர் சரணத்தை எடுக்க மறந்துவிட்டார். கீபோர்ட் நின்றது, டிரம் தடுமாறியது. நீ மட்டும் நிற்கவில்லை. அதே நாலு அடியை அவசரமில்லாமல் சுற்றிச் சுற்றி வாசித்தாய், அவர் வந்து சேரும் வரை.

ஃபிலோ வாயைப் பொத்திக்கொண்டாள். "காத்துட்டிருக்காருக்கா," என்றாள். "நான் லேட்டா வந்தா சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல இப்படித்தான் நிப்பாரு. ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரு." பிறகு, "குரலையே தேடிட்டிருந்தேன் பாருங்க," என்றாள்.

அந்த இடத்தை எத்தனை தடவை ஓட்டிக் கேட்டோமோ. செந்தில் கறிக்குழம்பை மறந்தே போனார்.

இன்று ஞாயிறு. வெளியே கிளம்பிய செந்தில், "ஸ்பீக்கர் மேலேயே இருக்குங்க," என்று சாவியை ஃபிலோவிடம் கொடுத்துவிட்டுப் போனார். நானும் வரட்டுமா என்று கேட்க அவள் அறைக்குப் போனேன். கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டிருந்தாள். நல்ல சேலை ஒன்று கட்டியிருந்தாள். கேட்காமல் திரும்பிவிட்டேன்.

இப்போது கேசட்டை எடுத்துக்கொண்டு மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். யார் வந்து கேட்டாலும் ஃபிலோ வீட்டில் இல்லை என்று சொல்லிவிடுகிறேன். இனி எல்லா ஞாயிறும் அப்படித்தான், இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு. நீங்கள் இரண்டு பேரும் இருங்கள்.

மாடிப்படிக்குக் காவலாக,
உன் அக்கா லில்லி