கோமதி நடந்து காட்டிய நாலு எட்டு

என் பேச்சியக்காவுக்கு,

கோமதிக்கு மாசாமாசம் வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றுவிட்டது. இரண்டு மாதமாக வரவில்லை. நிறுத்தியது அரசாங்கத்துக் காகிதம். அந்தக் காகிதத்தில் எழுத வேண்டியதை எடுத்துக் கொடுத்தது உன் தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்கு ஆகாது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன் மகள் இப்போது என் வீட்டு முன்னறையில், ஜன்னல் ஓரத்துக் கட்டிலில் இருக்கிறாள். முப்பத்து மூன்று வயசு. பிறக்கும்போதே இரண்டு காலும் வலது கையும் முறுக்கிக்கொண்ட பிள்ளை. பேச்சு பைய வரும், புத்தி நம் இரண்டு பேரையும் விட வேகம். உனக்குத் தெரியாததை நான் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தை நாலு பேர் படிக்கட்டும் என்று எழுதுகிறேன், அவர்களுக்காகச் சொல்கிறேன். என்னை மாதிரி இன்னொருத்தன் அடுத்த வாரம் வீட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஊனச் சோதனை வரிசையில் நிற்பான்.

ஊரில் எங்கே போனாலும் இதே பேச்சுதான். ஊனமுற்றோர் அட்டை வைத்திருப்பவர்களை மறுபடி சோதித்து, ஊனம் குறைவு என்று பட்டவர்களைக் கழிக்கப் போகிறார்களாம். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் இருந்தால் கழிப்பார்களாம். காப்பீட்டு அட்டையில் பார்க்கிற வைத்தியத்தையும் சுருக்கப் போகிறார்களாம். இன்னும் உத்தரவு வரவில்லை. பேச்சுக்கே ஜனங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

"ஓசியில குடுத்தே நாட்டைக் கெடுத்துட்டானுவ" என்று என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசினவன் நான். நீ காப்பி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போவாய். அது ஏன் என்று நான் ஒரு தடவை கேட்டிருக்கலாம்.

அட்டையைப் புதுப்பிக்க மருத்துவக் குழு முன்னால் வரச் சொல்லி கோமதிக்குக் கடிதம் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜங்ஷன் கடைத்தெருவுக்குப் போய் நல்ல நீலத்தில் ஒரு சுடிதார் எடுத்து வந்தேன். என் வீட்டுக்காரி தலை சீவி, பின்னி, பூ வைத்துவிட்டாள். அதற்கு முன்னால் மூன்று நாள், காலையும் சாயங்காலமும், கட்டிலிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடக்கப் பழக்கினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள்.

நாற்பது வருஷமாகப் பழைய சாக்கு வியாபாரம். தச்சநல்லூர் குடோனுக்கு அரிசி ஆலைக்காரர்கள் வந்தால் கட்டுக்கு மேலே நல்ல சாக்கு நாலு தெரியும்படி வைப்பேன். கிழிசல் நடுவில் கிடக்கும். ஒருத்தன் பார்க்க வருகிறான் என்றால் இருப்பதைக் கூட்டிக் காட்டத்தான் என் கைக்குத் தெரியும். உன் பிள்ளையைச் சாக்கோடு சேர்த்துப் பேசுகிறேனே என்று வருத்தப்படாதே. நடந்தது அதுதான்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் மணிமுத்தாறு பக்கத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்த ஒருத்தர். மரம் அறுக்கிற இடத்தில் ஒரு கால் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. பொழுது போகாமல் பேச்சுக் கொடுத்தேன்.

"உமக்கு எதுக்குவே மறுபடியும் பரிசோதனை?"

"கால் மொளைச்சிருக்கான்னு பாக்கணும்லா அண்ணாச்சி. இந்த வருசம் மழை நல்லா பெஞ்சிருக்கு."

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கோமதியை மேலும் கீழும் பார்த்தார். "கல்யாண வீட்டுக்கா கூட்டிட்டுப் போறிய? அந்தப் பூவையாவது எடுத்துருங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "எங்க வீட்டுப் பிள்ளை அலங்கோலமாத்தான் வரணுமோ?" என்றேன்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே சின்ன வயசு டாக்டரம்மா. காலையிலிருந்து ஆட்களைப் பார்த்து அசந்துபோன முகம், ஆனாலும் கோமதியைப் பார்த்துச் சிரித்தாள். "நடப்பீங்களாம்மா?" என்று கேட்டாள். கோமதி வாயைத் திறந்து சொல் கூட்டி எடுப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நடப்பா டாக்டர். கோமு, நடந்து காட்டு."

சக்கர நாற்காலியிலிருந்து மேசை வரைக்கும் நாலு எட்டு வைத்தாள். டாக்டரம்மா "வெரி குட்" என்றாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். "என் கடை ஆர்டரெல்லாம் போன்ல இவதான் பாக்கா. இடது கைக் கட்டைவிரல் ஒண்ணை வச்சே எழுதிருவா" என்றேன். குளிக்க, உடுத்த யார் துணை என்று கேட்டதற்கு, "எல்லாம் தானே பாத்துக்கிடுவா" என்றேன். நல்ல விலைக்குச் சரக்குத் தள்ளிவிட்ட நாளில் வருமே ஒரு தெம்பு, அந்தத் தெம்போடு வெளியே வந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவளுக்கு இரண்டு காலும் இழுத்துக்கொண்டது. இரண்டு நாள் கட்டிலை விட்டு எழவில்லை. அதைப் பார்க்க டாக்டரம்மா எங்கே வந்தாள்?

ஒரு மாதம் கழித்து, "இன்னைக்கு பேங்க் மெசேஜ் வரலை மாமா" என்றாள் கோமதி. மறுநாளும் வரவில்லை. அலுவலகத்துக்குப் போனேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "காகிதத்துல உள்ளதை வச்சுத்தான அண்ணாச்சி செய்ய முடியும். ஊன சதவீதம் வரம்புக்குக் கீழ போயிட்டு. மேல்முறையீடு போடுங்க, சீக்கிரம் போடுங்க. புது விதி வந்துட்டா இதுவும் இருக்குமோ என்னமோ."

மருத்துவக் குழு அறிக்கையின் நகலைக் கையில் கொடுத்தார். சிறிது தூரம் நடக்கிறார். கடை வேலையில் உதவுகிறார். அன்றாடத் தேவைகளைத் தாமே கவனித்துக்கொள்கிறார். மூன்றும் நான் சொன்னது, அக்கா.

முதல் இரண்டைக் கூட்டிச் சொன்னேன். மூன்றாவது எனக்கே தெரியாது. சத்தியமாகத் தெரியாது. இங்கேயும் நான் குடோனுக்குப் போன பிறகு மாரியம்மாள் என்று ஒருத்தி வந்து போவாள், எதற்கு என்று நான் கேட்டதில்லை. முப்பத்து மூன்று வருஷம் நீ அந்தப் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டி, கழுவி, மாத விலக்கு நாளில் துணி மாற்றிவிட்டு வெளியே கொண்டுவந்து உட்கார வைப்பாய். நான் வரும்போது பவுடர் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பாள். கதவுக்கு இந்தப் பக்கம் மட்டும் பார்த்த மாமன் நான். அந்தப் பக்கம் நடந்ததை நீ ஏன் ஒரு நாளாவது சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் காது கொடுத்திருப்பேனா?

அந்தச் சோதனைக்கு நீ அவளை எப்படிக் கூட்டிப் போவாய் என்பதும் ஞாபகம் இருக்கிறது. பழைய நைட்டி, எண்ணெய் வைக்காத தலை, வாயோரம் வடிந்தால் துடைக்கமாட்டாய். "தலையத் தொங்கப் போட்டுக்கிடு, வாயத் திறக்காத" என்று அவளுக்குச் சொல்லிக் கொடுப்பாய். ஒரு தடவை உங்களோடு வந்த நான் உன்னைத் திட்டினேன். "பெத்த பிள்ளைய இப்படியா சபையில நிறுத்துவ?" நீ சொன்னாய், "உனக்கு விக்கத்தான்லே தெரியும். இங்கன நம்ம விக்க வரல. பைய நில்லு."

அன்றைக்கு உன்மேல் அருவருப்பாக இருந்தது. மன்னித்துக்கொள்.

போன வாரம் இதைக் கோமதியிடம் சொன்னேன். உங்கம்மா செஞ்சதுதான் சரி, நான்தான் கெடுத்துட்டேன் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குச் சொல் இன்னும் திக்கும், நான் காத்திருந்தேன்.

"அம்மா கூட்டிட்டுப் போனா ரெண்டு நாளைக்கு நான் மனுசியே இல்லங்கற மாதிரி கெடக்கும். நீங்க கூட்டிட்டுப் போனிய, ரெண்டு நாள் காலு இழுத்துது. ரெண்டு பேரும் என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலல்லா மாமா."

"சரி பிள்ள, தப்புத்தான். அந்தக் காசை நான் தாரேன். மாசாமாசம், ஒரு ரூபா குறையாம."

"நீங்க தந்தா அது உங்க காசு."

எனக்கு அது விளங்கவில்லை. காசில் என்ன உன் காசு, என் காசு என்று கேட்டேன். அவள் சொன்னாள். காலையில் குளிப்பாட்ட வருகிற மாரியம்மாளுக்கு உதவித்தொகையிலிருந்து கோமதி கையால்தான் சம்பளம். இப்போது நான் கொடுக்கிறேன். "முந்தாநாள் தண்ணி ஆறிப்போச்சு. சொல்ல வாயெடுத்தேன், சொல்லல. அவளுக்குச் சம்பளம் குடுக்கது நான் இல்லல்லா."

பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறாள், என் வீட்டில்.

நீ ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது இதைத்தான் என்று அப்போதுதான் உறைத்தது. "அது அவ காசுலே. அதை மட்டும் நிக்க விட்டுராத." நான் இருக்கும்போது உனக்கு என்ன கவலை என்று வீறாப்பாகப் பேசினேன். எனக்கு அறுபத்திரண்டு, சர்க்கரை இருக்கிறது, நெஞ்சில் ஒரு தடவை கம்பி வைத்தாகிவிட்டது. என் பயல்கள் இரண்டு பேரும் நல்லவர்கள்தான். ஒருத்தன் கோயம்புத்தூர், ஒருத்தன் துபாய். எனக்குப் பிறகு அவர்கள் வீட்டில் தண்ணீர் ஆறிப்போனது என்று இவள் வாய் திறப்பாளா? அவர்களிடம் நான் இதைக் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

மேல்முறையீடு எழுதப் போன அன்றைக்கு அந்த மணிமுத்தாறுக்காரரைப் பார்த்தேன். அவருக்குப் பணம் நிற்கவில்லை. ஆனால் புது விதி வந்தால், மகன் ஓட்டல் வேலைக்குப் போகிறான் என்று கழித்துவிடுவார்கள் என்று பயம். என் கதையைச் சொன்னேன். பூவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "உங்க பிள்ளைக்குச் சாக்குக் கடை மாமன் இருக்காரு. இங்கன நிக்கவனுக்கெல்லாம் யாருவே இருக்கா?" என்று மட்டும் கேட்டார். சுற்றிப் பார்த்தேன். கண் தெரியாத அம்மாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஒரு பெண், ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்திருக்கிறாள், அன்றைக்குக் கூலி போச்சு. இதற்குப் பதில் உன்னிடம் இருந்திருக்குமா?

அந்தப் பெண்ணுடைய மனுவையும் இன்னும் ஏழெட்டு மனுவையும் நானே எழுதிக் கொடுத்தேன். இனி மனு வாங்குகிற திங்கட்கிழமைகளில் கடையை மதியத்துக்கு மேல்தான் திறப்பேன். அதனால் என்ன ஆகப் போகிறது என்று எனக்கே தெரியவில்லை.

மறுபரிசோதனைக்கு அடுத்த வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். கோமதி என்னை எதிரே உட்கார வைத்துப் பேரம் பேசினாள். என்னோடு நாற்பது வருஷம் வியாபாரம் செய்தவன் ஒருத்தனும் இப்படி இறுக்கிப் பிடித்ததில்லை. நான் கூடவே வருகிறேன், வாயைத் திறக்கமாட்டேன் என்றேன். முடியாது என்றாள். வாசலிலாவது நிற்கிறேன் என்றேன். வெளியே இருக்கிற வேப்பமரத்தடி வரைக்கும் வரலாம் என்றாள்.

உனக்கு வாக்காகத் தருகிறேன் அக்கா, பேசி முடித்தது இவ்வளவு. வியாழக்கிழமை என்ன உடுத்துவது என்பதை அவள் முடிவு செய்வாள். உள்ளே கோமதியும் மாரியம்மாளும் மட்டும் போவார்கள், கேள்விக்குக் கோமதி பதில் சொல்லுவாள், எவ்வளவு நேரம் ஆனாலும். பணம் திரும்ப வந்தாலும் சரி, ஒரேயடியாகப் போனாலும் சரி, ஆர்டர் பார்க்கிற வேலைக்கு ஒண்ணாந்தேதி அவள் கணக்கில் சம்பளம் போட வேண்டும். அதை உதவி என்று வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. மாரியம்மாளுக்குச் சம்பளம் கோமதி கையால். எனக்குப் பிறகு குடோனின் பின்பாதி வாடகை அவளுக்கு. பத்திரம் இந்த மாதமே பதிவாகும், பயல்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவார்கள். கடைசியாக, தன்னால் எது எது முடியாது என்று உள்ளே அவள் டாக்டரிடம் சொல்லப் போவதை வெளியே வந்த பிறகு நான் கேட்கக் கூடாது. இந்த ஒன்றில்தான் ரொம்ப நேரம் இழுத்தேன். அவள் இறங்கி வரவில்லை. அவள் சொன்னதற்கே முடித்துக்கொண்டேன்.

உன் தம்பி,
கோமதியின் தாய்மாமன்,
சண்முகம்