பாலையடியில் ஒரு குழை

ஜனவரி 6, 2025. திங்கள்.

கமலாசனியிடம் ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். குளக்கரையில் எங்கள் வயலோரம் இருக்கும் காவல் கொட்டிலில் கொஞ்ச நாள் தனியே இருக்கப் போகிறேன் என்று. மார்கழி பிறந்ததிலிருந்து வாய்வரை வந்து திரும்பிப் போன சொல்.

“பன்றி காக்கவோ?”

“இல்லை. சும்மா இருக்க.”

“சும்மாதானே இஞ்சையும் இருக்கிறியள்.”

அதுவும் சரிதான். ஆனால் வேலையிலிருந்து இளைப்பாறும்வரை தபால் கந்தோரில் போஸ்ற் மாஸ்ரராக இருந்து ஊராருக்கு வந்த செய்திகளைப் பிரித்துக் கொடுத்தே காலம் போயிற்று. எனக்கென்று உள்ளே ஏதாவது வந்து கிடக்கிறதா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. குறைந்த சாமானோடு, மரங்களுக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் இருந்தால் அது கேட்குமோ? எழுபத்தொரு வயதில் இது தேடலா, கிழட்டு விசரா? தெரியவில்லை.

பையை அடுக்கும்போது பின்னால் வந்து நின்றாள். “ஒரு கோப்பைதானோ?”

“ஒருத்தனுக்கு ஒண்டு காணுமே.”

“ஒண்டுமில்லாமல் இருந்து பாக்க அவ்வளவு ஆசையே? முகாமிலை கூடாரத்துக்கை இருந்தது காணாதே, இஞ்சாருங்கோ?”

அன்று போரில் எல்லாம் பறிபோனது. இன்று நானாக வைத்துவிட்டுப் போகிறேன். இரண்டும் ஒன்றல்ல. அவளிடம் இதைச் சொல்லத் துணிவு வரவில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜனவரி 8. புதன்.

கொட்டிலுக்கு வந்து சேர்ந்தேன். பற்றைக்காடு தொடங்கும் இடத்தில், பெரிய பாலை மரத்தடியில், பக்கத்து வயல் அப்புத்துரை சைக்கிளை நிறுத்தினான். இலையோடு ஒரு குழையை முறித்து மரத்தடியில் போட்டுக் கும்பிட்டான். காட்டுக்குள் போகிறவர்கள் பிள்ளையாருக்குப் போடும் குழை. சிலையில்லை, விளக்கில்லை. அடியில் காய்ந்த குழைகளின் குவியல் மட்டும். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“போடுங்கோ மாஸ்ரர். பிள்ளையார் படிச்ச ஆக்களெண்டு பாக்கமாட்டார்.”

நான் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் முறித்தேன். யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனாலும் பார்த்தேன். குழையைப் போட்டபோது கையில் பச்சை வாசம். ‘நான் உள்ளே வருகிறேன்’ என்று ஒருவரிடம் சொல்லிவிட்டு வந்ததுபோல இருந்தது. இத்தனை புத்தகம் வாசித்தும் கிடைக்காத ஏதோ ஒன்று. மிகைப்படுத்துகிறேனோ?

ஜனவரி 9.

பனி. நெற்கதிரெல்லாம் தலை குனிந்து நனைந்து நிற்கிறது. ஆட்காட்டிக் குருவி கத்துகிறது. எழுத ஒன்றுமில்லை. நல்லது.

ஜனவரி 12. ஞாயிறு.

மனச்சாட்சிக்காக இதை எழுத வேண்டும். என் எளிய வாழ்க்கைக்கான மதியச் சாப்பாடு தினமும் கமலாசனியின் சைக்கிளில் வருகிறது. புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, முருங்கைக்காய்ச் சொதி. அப்புத்துரை விடுவானா? “உப்பிடித் தவமெண்டால் நானும் செய்வன் மாஸ்ரர்!”

இன்று வெயிலில் வந்தவள் களைத்துப்போய்த் தண்ணீர் கேட்டாள். கோப்பையில் என் தேநீர் பாதி இருந்தது. நான் அதைக் கொட்டிக் கழுவ எழும்புவதற்குள் அவள் குடத்தைச் சரித்து உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டாள். பிறகு குளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அல்லி, நீர்க்காகம், அக்கரை மருத மரங்கள். நெடுநேரம் நின்றாள். இரு என்று நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை?

ஜனவரி 14. பொங்கல்.

வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் பொங்கினோம். பானை கிழக்குப் பக்கம் பொங்கி வழிந்ததில் அவளுக்குச் சந்தோசம். சாப்பிட்ட பிறகு கேட்டாள்:

“அங்கை உங்களுக்கு என்ன கேக்குது?”

“ஒண்டும் கேக்கேல்லை. அந்த ஒண்டுமில்லாததுதான் நல்லாயிருக்கு.”

சருவப் பானையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், “எனக்கும் அது ஒருக்கா வேணும்.”

“வாவன். இன்னொரு பாய் போடலாம்.”

“நீங்கள் இல்லாமல்.”

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அம்மா வீட்டிலை எட்டுப் பேர். பிறகு உங்கடை வீடு. பிறகு பிள்ளையள், இடம்பெயர்வு, முகாம். நான் ஒருநாள்கூடத் தனிய இருக்கேல்லை. நெடுக ஆரோ ஒரு ஆளுக்குப் பசிச்சுக்கொண்டே இருந்தது.”

ஜனவரி 15.

கோபம். ஏன் கோபம்? நான் போனால் அது தேடல். அவள் போனால் என்னை விட்டுப் போவதா? ‘நீங்கள் இல்லாமல்’ — அவளிடம் அதே சொல்லைத்தானே நானும் சொன்னேன்? ஒரு கோப்பையாகச் சொன்னேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனாலும் பயமாயிருக்கிறது. அவளுக்கு அங்கே பிடித்துப்போய், திரும்பி வராவிட்டால்?

ஜனவரி 17. வெள்ளி.

இனிக் கொட்டிலில் கமலாசனி, வீட்டில் நான். பாலையடிவரை அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அப்புத்துரையும் பெண்சாதியும் பக்கத்துக் கொட்டிலில் இருக்கிறார்கள், கூப்பிடு தூரம்தான். யானை வந்தால் வெடி போடுவார்களாம். ஆனாலும் ஆயிரம் புத்திமதி சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே குழையை முறித்தாள், போட்டாள், கண்ணை மூடினாள். சுற்றுமுற்றும் பார்க்கவில்லை.

ஏற்பாடு அவளுடையது: நான் மதியச் சாப்பாட்டைப் பாலைக் கிளையில் தொங்கவிட்டுத் திரும்பிவிட வேண்டும். கொட்டிலுக்கு வரக்கூடாது. அவள் தினமும் காலையில் ஒரு பச்சைக் குழை போடுவாள். அது கிடந்தால் சுகமாயிருக்கிறாள் என்று அர்த்தம்.

அவளும் ஒரு கோப்பைதான் கொண்டுபோனாள்.

ஜனவரி 19. ஞாயிறு.

சொதி திரைந்துவிட்டது. தேங்காய்ப் பால் விட்டபின் கொதிக்க விடக்கூடாதாம். யாரும் சொல்லவில்லையே! எத்தனை வருடமாகச் சாப்பிட்டிருக்கிறேன், ஒருநாளும் குசினிக்குள் நின்று பார்த்ததில்லை. அப்படியே கட்டிக் கொண்டுபோனேன். பாலையடியில் பச்சைக் குழை. நேற்றைய பெட்டி கழுவிக் கிளையில் தொங்கியது.

தேங்காய் துருவும்போது மனம் எங்கும் போகவில்லை. கொட்டிலில் இருந்தபோது அது எங்கெல்லாமோ போய் வந்தது. வேடிக்கைதான்.

ஜனவரி 22. புதன்.

இப்போதுதான் வீடு திரும்பினேன்.

பாலையடியில் இன்று பச்சைக் குழை இல்லை. நேற்றைய குழை வாடிக் கிடந்தது. நேற்றைய சாப்பாட்டுப் பெட்டியும் திறக்காமல் அப்படியே தொங்கியது. ஐயோ பிள்ளையாரே எண்டு சைக்கிளைப் போட்டிட்டு ஓடினன். செருப்பு சேத்துக்கை புதைஞ்சு போட்டுது. கொட்டிலிலை ஆளில்லை. பாய் மடிச்சபடி. அப்புத்துரையைக் கூப்பிடவும் தோன்றேல்லை. யானையோ? பாம்போ? நான்தானே இந்தக் கொட்டில் விசரைத் தொடக்கி வைச்சனான் —

குளத்துப் படிக்கட்டில் இருந்தாள். கால் இரண்டும் தண்ணீருக்குள். காலைச் சுற்றிச் சின்ன மீன்கள்.

“கமலா! குழை எங்கை?”

திரும்பினாள். யார் என்று ஒரு கணம் யோசித்ததுபோல இருந்தது அவள் முகம். பிறகு கையால் வாயைப் பொத்தினாள்.

“மறந்துபோனன்.”

“சாப்பாடு?”

“அதையும் மறந்துபோனன். கொஞ்சம் கிழங்கு அவிச்சனான்.” பிறகு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “இஞ்சாருங்கோ, உண்மையைச் சொல்லுறன். உங்களையும் மறந்துபோனன்.”

நான் படியில் இருந்துவிட்டேன். மூச்சு வாங்கியது. அவள் என் சேற்றுக் காலைப் பிடித்துத் தண்ணீரில் இறக்கிக் கழுவினாள். “உந்தக் காலோடை ஓடி வந்தனீங்களே,” என்றாள்.

நான் அங்கே இருந்த நாளெல்லாம் என்னை மறக்க முயன்றேன். ஒருநாளும் முடியவில்லை. எது கேட்கிறது, எது கேட்கவில்லை என்று காவல் இருந்தேன். அவளோ போய் இருந்தாள், மறந்தாள். எனக்குப் பொறாமையா? இருக்கலாம். ஆனால் அந்த முகத்தை, யாருக்கும் பசிக்காத அந்த முகத்தை, நான் இன்றுதான் பார்த்தேன்.

திரும்பும்போது கேட்டேன், எப்போது வீட்டுக்கு என்று. யோசித்தாள்.

“வயலிலை நெல் அருவி வெட்டும்வரை இருக்கிறன். நாளைக்கு வரேக்கை பாலையடியிலை நிக்காதையுங்கோ. உங்கடை கோப்பையையும் கொண்டு வாங்கோ.”

ஜனவரி 23. வியாழன்.

சொதி திரையவில்லை. கோப்பையைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டேன். போகிற வழியில் குழை முறிக்க வேண்டும்.