வாசல் கேமரா

வியாழக்கிழமை, இரவு

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை.

திரேஸ்புரத்திலிருந்து மீன் கொண்டுவரும் மிக்கேலம்மாவுக்கு முதல் போணி எப்போதும் என் வீட்டில்தான். என் கை ராசியான கை என்பாள். இன்று காலையும் வாசலில் கூடையை இறக்கி வைத்து உட்கார்ந்தாள். நான் சட்டி எடுக்க உள்ளே போனேன். திரும்பி வருவதற்குள், போன மாதம் மகன் பிரவீன் மாட்டிவிட்டுப் போன கேமராவுக்குள்ளிருந்து அவன் குரல் கேட்டது. துபாயிலிருந்து பேசுகிறான். "யாரு அது? அங்க உக்காரக் கூடாது, எந்திரிங்க."

மிக்கேலம்மா கூடையைத் தலையில் ஏற்றிவிட்டாள். "ஒங்க வீட்டுச் செவரே என்னைய எந்திச்சுப் போவச் சொல்லுதே, டீச்சர்" என்றாள். தெருமுனை வரை கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்றைக்கு அவளுக்கு யாவாரம் எப்படிப் போனதோ.

மகனைப் போனில் பிடித்துத் திட்டினேன். "ஒங்க பாதுகாப்புக்குத்தானம்மா. தலை மட்டுந்தான் தெரிஞ்சுது, யாரோன்னு நெனச்சேன்" என்கிறான். சின்ன வயதில் அவள் கூடையைப் பிடித்துக்கொண்டு நண்டு கேட்டு அழுதவன். வேலை இருக்கிறதென்று வைத்துவிட்டான். சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை. என் வாசலைப் பார்க்க மட்டும் அவனுக்கு நேரம் இருக்கிறது.

சற்றுமுன் போய் அந்தக் கேமரா மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினேன். ஒன்றும் தெரியாவிட்டால் பதறிப்போய் உடனே கூப்பிடுவான். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

இன்னும் அடிக்கவில்லை.