தங்கச்சிக்குப் பதிலாகப் பாடிய அக்கா

நம் மியூசிக் பேண்டில் இப்போது பாடுகிற பெண், மைக்கின் மேல் மாட்டும் சிவப்பு ஸ்பான்ஜ் உறையைக் கழற்றி என்னிடம் நீட்டி, அதில் ஏதோ வாசனை வருகிறது, துவைத்துத் தாருங்கள் அண்ணா என்றாள். மூக்கருகே கொண்டுபோனேன். கிராம்பு. ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் கன்னத்தில் ஒன்றை அடக்கிக்கொள்வாயே, அந்த வாசனை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. சரியென்று வாங்கிக்கொண்டேன், ஆனால் துவைக்கவில்லை. அவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு இதை கீபோர்டு பைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

போன வாரம் எனக்கு ஒரு போன் வந்தது. அதைப் பற்றி உன்னிடம் சொல்ல வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் நான் செய்ததையெல்லாம் சொன்னால்தான் அது புரியும். உனக்குத் தெரிந்த கதைதான். என் வாயால் நீ ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

பெங்களூர் மர்பி டவுனில் ஒரே தெருவில் வளர்ந்தோம். இரண்டு வீட்டு அப்பாமாரும் கோலார் தங்கவயலை விட்டு வந்தவர்கள். சண்டே ஸ்கூலில் ஆரம்பித்த சங்கீதம், இருபது வயதில் ரிசப்ஷன் பேண்டாக ஆனது. கேக் வெட்டும்போது இங்கிலீஷ் பாட்டு, சாப்பாட்டு நேரத்தில் தமிழ், கடைசியில் ஆட்டத்துக்குக் கன்னடம் என்று கன்டோன்மென்ட் கல்யாணங்களுக்கு ஒரு முறை இருந்தது. அந்த இங்கிலீஷ் பாட்டுக்குத்தான் நீ. உலகமே ஆடிய அந்தப் பாப் பாடகியின் பாட்டுகளை அவளைப் போலவே பாடுவாய். முடியைக்கூட அவளைப் போல் வெட்டிக்கொண்டு வந்து உன் அம்மாவிடம் அடி வாங்கினாய்.

சில வருஷம் கண்ணில் படாமல் இருந்த அந்தப் பாடகி திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. கன்னம் உப்பி, கண் சிறுத்து, பழைய துள்ளல் போய், நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாகப் பாடினாள். ஊரெல்லாம் சிரித்தது. நான் சும்மா இருப்பேனா? அன்றும் இன்றும் என்று இரண்டு படத்தை ஒட்டி, பேண்டின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, கீழே நாலு சிரிப்புப் பொம்மை வைத்தேன். நீ பதிலுக்கு ஆறு நிமிஷ வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். நானும் டிரம்மரும் அதை இரட்டை வேகத்தில் ஓடவிட்டு, உன் குரல் கீச்சுக்கீச்சென்று வருவதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போது அதைச் சரியான வேகத்தில் கேட்கிறேன். "அவ மூஞ்சி அவுளுது. நம்ம பாக்கறதுக்குன்னு வாடகைக்கா வுட்டா? இன்னா நோவோ, இன்னா மருந்தோ, உனுக்குத் தெரியுமா? இருவது வயசுல பாடுன மாதிரியே அம்பதுலயும் பாடுனா அதான்டா பொய்." அதற்குப் பிறகு அவளுடைய புது ஆல்பத்தில் இருந்த மெதுவான பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டுகிறாய். யாரும் வாங்கவில்லை, ஓடவில்லை என்று எல்லோரும் கழித்துக் கட்டிய ஆல்பம் அது. அந்தப் பாட்டை ரிசப்ஷனில் பாட வேண்டுமென்று எத்தனை முறை கேட்டாய். ஆட்டத்துக்கு ஆகாது என்று நான் ஒவ்வொரு முறையும் லிஸ்டிலிருந்து அடித்தேன்.

நீ யாருக்காகப் பேசினாய் என்பது எனக்குப் புரியவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். புரிந்தது. உனக்கு நோய் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மாத்திரை முகத்தை உப்ப வைக்கும், குரலும் இறங்கலாம் என்று டாக்டர் சொன்னபோது ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் இருந்தவன் நான். உன் குரல் ஒன்றரைக் கட்டை இறங்கியது. கீபோர்டில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனை மைனஸ் மூன்றில் வைத்து வாசித்ததும் நான்தான். தெரிந்துகொண்டேதான் அந்தப் படத்தைப் போட்டேன். உன்னிடம் நேரில் சொல்ல முடியாததை அவள் முகத்தைக் காட்டிச் சொன்னேன். இதை எழுதும்போதே கூசுகிறது.

கச்சேரிக்குக் கூப்பிடுகிற பார்ட்டிகளுக்குப் போனில் அனுப்புகிற நம் விளம்பரக் கார்டில் இருந்தது உன் பன்னிரண்டு வருஷத்துப் பழைய போட்டோ. "புச்சா ஒண்ணு எடுத்துப் போடுடா, இப்ப இருக்கறதுதான் நான்" என்று மூன்று முறை சொன்னாய். ஒரு முறை கேமராமேன் ஊரில் இல்லை என்றேன். இன்னொரு முறை வெளிச்சம் சரியில்லை என்றேன். புதுப் படத்தைப் பார்த்தால் யாரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்று பயந்தேன்.

அடுகோடி கல்யாண மண்டபத்தில் நடந்ததற்கு வருகிறேன். நீ மேடைக்குப் பக்கத்தில் நின்று மைக்கைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாய். மணப்பெண்ணின் அப்பா கையில் போனோடு வந்தார். திரையில் நம் கார்டு. கோபமில்லாமல், மரியாதையாகத்தான் கேட்டார்.

"சார், இந்த போட்டோல இருக்கற மேடம் வர்லியா? எம் பொண்ணு அவுங்க பாடணும்னுதான் கேட்டா."

நீ என்னைப் பார்த்தாய். இரண்டே அடி தூரம். இவர்தான் சார் அவர் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

"அவுங்களுக்கு ஒடம்பு சரியில்ல சார். இவுங்க அவுங்க அக்கா."

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் குனிந்து, சரியாகவே இருந்த வயரைப் பிடுங்கிச் சொருகிக்கொண்டிருந்தேன். நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய் என்று நினைத்தேன். போயிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நீ கிராம்பை வாயில் போட்டுக்கொண்டு மேடையேறி மைக்கைப் பிடித்தாய்.

"எல்லார்க்கும் வணக்கம். எந் தங்கச்சிக்கு ஒடம்பு சரியில்ல. அவளுக்கு பதுலா நான் பாடறேன். அவ அளவுக்கு வராது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க."

என் பக்கம் திரும்பி, லிஸ்டில் இல்லாத அந்த மெதுவான பாட்டை வாசிக்கச் சொன்னாய். மாட்டேன் என்று சொல்ல எனக்கு அன்றைக்கு வாயில்லை. முதல் சரணத்தில் சாப்பாட்டுப் பக்கம் பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவதில் குறைந்தது. மணப்பெண் நாற்காலியின் நுனிக்கு வந்து உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் ஆடவில்லை. நான் இரண்டு இடத்தில் தப்பாக வாசித்தேன்.

திரும்பும்போது வேனில் நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். டீக்கடையில் நிறுத்தியபோது, "டேய், அக்காவுக்கு சக்கர கம்மியா சொல்லு" என்றாய். டிரம்மர் சிரித்தான். நானும் சிரித்தேன், வெட்கமில்லாமல். அதற்குப் பிறகு பாடிய மூன்று மேடைகளிலும் நீ அக்காவாகவே அறிமுகம் செய்துகொண்டாய். நான் ஒரு தடவையாவது திருத்தியிருக்கலாம். மன்னிப்பும் கேட்கவில்லை, புதுப் போட்டோவும் எடுக்கவில்லை.

அதனால் நடந்ததைக் கேள். நீ போன அன்று காலை, தெருமுனையில் ஒட்டுகிற போஸ்டருக்குப் படம் வேண்டுமென்று உன் தம்பி வந்தான். நோய் வந்த பிறகு மூன்று வருஷமாக நீ எங்கேயும் படம் எடுத்துக்கொள்ளவில்லையாம், யார் கேட்டாலும் பேண்டில் எடுப்பார்கள் என்று சொல்லிவிடுவாயாம். என் போனைத் தேடினேன். இருந்தது அந்தக் கார்டு ஒன்றுதான். உன் சாவு போஸ்டரிலும் தங்கச்சியைத்தான் ஒட்டினோம். உன்னைத் தினமும் பார்த்த பூக்கார அம்மா அதன் முன்னால் நின்று, யார் வீட்டுப் பெண் இது, சின்ன வயசாக இருக்கிறதே என்று என்னிடமே கேட்டாள்.

இனி அந்த போன். அடுகோடி மணப்பெண்ணின் அப்பாதான். அந்தப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். எலெக்ட்ரானிக் சிட்டியில் அவர்கள் அபார்ட்மென்ட் ஹாலில் பேர் வைக்கிற விசேஷம். நான் தேதியைக் கேட்டேன்.

"தேதி அப்பறம் சார். மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். போட்டோல இருக்கற தங்கச்சி வோணாம். அன்னிக்கு பாடுனாங்களே, அந்த அக்காதான் வரணும். எம் பொண்ணு அந்தப் பாட்ட வயத்துல புள்ளைய வெச்சிக்கினு பாடிக்கினே இருந்தா."

அவர் நிறுத்தியதும், உனக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். அக்கா என்று யாரும் இல்லை சார், அவர்தான் அந்தப் படத்தில் இருப்பவர், நான்தான் உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். அவர், "அவுங்க பக்கத்துலதானே சார் நின்னாங்க?" என்றார்.

ஆமாம் என்றேன். நீ இறந்துவிட்டதையும் சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார்.

கார்டை எடுத்துவிட்டேன். புதுக் கார்டில் படமே இல்லை. நேற்று ஒத்திகையில், இப்போது பாடுகிற அந்தப் பெண் இரண்டு வரி பாடிவிட்டு நிறுத்தி, சுருதி ரொம்பக் கீழே இருக்கிறதே அண்ணா என்றாள். பார்த்தேன். கீபோர்டைப் போட்டதும் என் விரல் தானாகப் போய் மைனஸ் மூன்றை அழுத்தியிருக்கிறது. மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளுக்குத் தகுந்த மாதிரி மாற்றினேன். உன்னிடம் கேட்க வராத வார்த்தை, அவளிடம் எவ்வளவு சுலபமாக வந்தது.