மிதித்தால் எரியும் விளக்கு

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்

வீட்டில் சண்டை. எழுதினால்தான் எனக்கு ஆறும்.

காலையில் வழக்கம்போல இருட்டோடு தோ பாயோ வீட்டிலிருந்து சைக்கிளில் கிளம்பினேன். தேக்கா உணவங்காடியில் தனசேகரன் தம்பி கடைக்குச் சட்னியும் சாம்பாரும் என் கைதான். பாதி வழியில் முன்விளக்கு செத்துப்போச்சு. நேற்று சார்ஜில் போட மறந்துவிட்டேன். போனையும் மறந்துவிட்டேன். அதுவும் செத்தது.

நான் எங்கே போகிறேன் என்று மகள் ரோஷினியின் போனில் ஒரு புள்ளி காட்டும். அந்தப் புள்ளி கால்வாய் ஓரத்தில் அப்படியே நின்றுவிட்டிருக்கிறது. கூப்பிட்டால் நான் எடுக்கவில்லை. பெற்ற பிள்ளை என்ன நினைக்கும்? நைட்டி மேல் ஒரு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு டாக்சியில் தேக்காவுக்கே வந்துவிட்டாள். நான் தேங்காய் துருவிக்கொண்டு நிற்கிறேன்!

எல்லார் முன்னாலும், "இனிமே சைக்கிள் கிடையாதும்மா. போதும்" என்றாள்.

"அதைச் சொல்ல நீ யாருடி?" என்று நானும் விடவில்லை. அந்தக் கூச்சலில் சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. ஆத்திரமெல்லாம் அதில்தான். என் சாம்பாரை ஒருத்தர் மீதி வைத்து நான் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

ரோஷினி சமையலறையில் மாப்பிள்ளை ஜெய்யிடம் மெதுவாகப் பேசினாள். மெதுவாகப் பேசினால் எனக்கு நன்றாகவே கேட்கும்.

"உங்கம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சுது, ஜெய்."

அவர் அம்மா கடைசியில் பெற்ற மகன் பேரையே மறந்துபோனவர். ஓ. அதுவா இவள் பயம்.

எனக்கும் அதுவா? மறந்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அடுப்பை மறந்தேனா? மருந்தை மறந்தேனா? பேத்தி வைஷாலிக்குக் கத்திரிக்காய் ஆகாது என்பதை மறந்தேனா?

பஸ்ஸில் போகலாமாம். பஸ் ஸ்டாப்புக்கு நடக்கவேண்டாமா? நடந்தால் முட்டி கத்துகிறது, மிதித்தால் சும்மா இருக்கிறது.

சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். மறக்கவே முடியாத விளக்காக ஒன்று தேடுகிறேன், கிடைக்காவிட்டால் தீபாவளிக்குள் சைக்கிளை நானே யாருக்காவது கொடுத்துவிடுகிறேன். "சார்ஜ் போடாம எரியற விளக்கு எங்கம்மா இருக்கு?" என்றாள். எனக்கும் தெரியாது. வாய் வந்துவிட்டது, இனித் தேடணும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

இருக்கிறது!

ஜாலான் புசாரில் ஒலி முகம்மது பாய் கடை. என் சைக்கிளுக்கு டயர் மாற்றுவதெல்லாம் அவர்தான். விஷயத்தைச் சொன்னேன். உள்ளே போய் உருண்டையாக ஒரு இரும்பை எடுத்து வந்தார். சக்கரத்துக்கு நடுவே அச்சு போகிற ஹப் இருக்கிறதே, அதற்குள்ளேயே டைனமோ. சக்கரம் சுற்றினால் கரண்ட், விளக்கு எரியும். சார்ஜும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். டயரில் உரசுகிற அந்தக் காலத்துக் குப்பி டைனமோ மாதிரி கத்தாதாம், மழையில் வழுக்காதாம்.

அச்சைப் பிடித்துச் சுற்றிப் பார்த்தேன். கட்டை கட்டையாக நின்று நின்று சுற்றியது.

"பாய், கெட்டுப்போன சாமானை என் தலையில கட்டப் பாக்கறீங்களா?"

"அல்லாவே! அது உள்ள இருக்கிற காந்தம்க்கா, இழுத்து இழுத்து விடும். சக்கரத்துல போட்டு ஓட்டினா தெரியாது."

நம்பவில்லை. கடையில் அப்படி ஒரு சக்கரம் மாட்டிய சைக்கிள் இருந்தது. தூக்கிச் சுற்றிவிட்டார். விளக்கு எரிந்தது. நான் சுற்றினேன். எரிந்தது. இன்னொரு தரம். அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனாலும் ஒரு சாமான் வேலை செய்கிறதா என்று பார்க்கக் கண் போதும். பாய்க்குத்தான் வியாபாரம் கெட்டது, கடையில் இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சுற்றினால்தானே எரியும். சிக்னலில் நின்றால்? பாயிடம் கேட்கணும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

நின்றாலும் கொஞ்ச நேரம் எரிகிறது! ஓடும்போது விளக்கே துளி கரண்டைச் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். கெட்டிக்கார விளக்கு.

என் சைக்கிளுக்குச் சின்னச் சக்கரம். அதே அளவில் ஒரு டைனமோ சக்கரத்தைப் பாய் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருக்கிறார். மிதிக்கும்போது காலுக்கு வித்தியாசம் தெரியுமோ என்று பயந்தேன். கிரைண்டரில் ஒரு பிடி அரிசி கூடினாற்போல இருக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு குறை. நடைபாதையில் மெதுவாகத்தான் போகணும், சட்டமே அப்படி. அங்கே வெளிச்சம் மங்குகிறது, படபடவென்று துடிக்கிறது. நான் எங்கேயுமே மெதுவாகப் போகிறவள். என்ன செய்வது?

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாப்பிள்ளை வீடியோ வீடியோவாகப் பார்த்துவிட்டு வந்தார். இதே டைனமோவில் போனுக்கும் சார்ஜ் ஏற்றலாமாம். அதற்கென்று குட்டிப் பெட்டி ஒன்று இருக்கிறதாம், ஆர்டரும் போட்டாச்சாம்.

"அத்தை, வீட்டு கரண்ட் பில்லையும் இனிமே நீங்களே மிதிச்சுக் கட்டிடுங்க லா."

"உங்க ஏர்கானுக்கு மிதிக்க என்னால ஆகாது மாப்ளே."

ரோஷினிகூடச் சிரித்தாள். போன வாரத்துக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பெட்டி வந்தது. கடையிலிருந்து திரும்பும்போது போனைச் செருகிக்கொண்டு வந்தேன்.

டிங். ஏறுகிறது. மேட்டில் மெதுவானேன், நின்றுவிட்டது. இறக்கத்தில் டிங். திருப்பத்தில் போச்சு. மறுபடி டிங். ஒவ்வொரு டிங்குக்கும் போன் முழித்துக்கொண்டு வெளிச்சம் காட்டுகிறது. வீட்டுக்கு வந்து பார்த்தால், ஏறாவிட்டாலும் பரவாயில்லை, கிளம்பியபோது இருந்ததைவிடக் குறைந்திருக்கிறது! தூங்குகிற பிள்ளையைத் தட்டித் தட்டி எழுப்பிக்கொண்டே தூங்கு தூங்கு என்று சொன்ன கதை.

மாப்பிள்ளை ஒத்துக்கொள்ளவில்லை. "கொஞ்சம் வேகமா ஓட்டுங்க அத்தை."

"வேகமாப் போனா ஃபைன், மெதுவாப் போனா சார்ஜ் இல்ல. எதை ஓட்டட்டும்?"

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. விளக்குக்கும் போனுக்கும் சேர்த்துக் கரண்ட் போதாதாம், ரெண்டில் ஒன்றுதான் என்றால் டைனமோவைப் போனுக்கு வைத்துக்கொள்ளணுமாம், விளக்குக்குப் பேட்டரி போதுமாம். ரோஷினியும் அதே பக்கம். "அந்தப் புள்ளி தெரிஞ்சாத்தான் நான் தூங்குவேம்மா" என்றாள்.

"எதிர்ல வர்ற லாரிக்காரனுக்கு என் புள்ளி தெரியுமா, விளக்கு தெரியுமா?"

கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். ஆனால் அவள் சொன்னது காதிலேயே நிற்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

பாய் கடையில் ரொம்ப நேரம். டைனமோவில் ரெண்டு தினுசாம். சின்னச் சக்கரத்துக்கு ஒன்று, பெரிய சக்கரத்துக்கு ஒன்று. நான் ஓட்டிப் பார்த்தது சின்னது.

எனக்கு ஒரு யோசனை. வைஷாலி சின்னவளாக இருந்தபோது கையைப் பிடித்துக் கூட்டிப்போவேன். நான் ஒரு அடி வைத்தால் அவள் ரெண்டு மூணு வைப்பாள். சின்னச் சக்கரமும் அப்படித்தானே, அதே தூரத்துக்கு அதிகம் சுற்றும்? பெரிய சக்கரத்து டைனமோவை அதில் போட்டால் மெதுவாகப் போகும்போதே நன்றாக எரியாதா?

பாய் தாடியைத் தடவினார். "எரியும். ஆனா கால்ல கொஞ்சம் இழுக்கும்க்கா. அதான் சின்னச் சக்கரத்துக்குச் சின்னதைப் போடுங்கன்னு கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்."

"உங்க கம்பெனிக்காரன் எந்த வேகத்துல போவான்?"

"அவன் இளவட்டம். பறப்பான்."

"நான் பறக்கலையே."

சிரித்துவிட்டு, என் ரிம்மின் கம்பித் துளைகளும் ஹப்பின் துளைகளும் ஒத்து வருகிறதா என்று எண்ணிப் பார்த்தார். ஒத்து வந்தது. பெரியதையே கோத்துத் தரச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இழுக்கிறது. ரெண்டு பிடி அரிசி. ஆனால் எரிகிறது! எக்ஸ்பிரஸ்வே மேலே போகிற பாலத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன், அப்போதும் முன்னால் தரையில் மங்கலாக ஒரு வட்டம் கூடவே வந்தது. பொட்டுக் கரண்டு கடன் வாங்கவில்லை. எல்லாம் என் கால்.

திரும்பும்போது வெயில். விளக்கை அணைத்துப் போனைச் செருகினேன். டிங் ஒரே தரம்தான், அப்படியே பிடித்துக்கொண்டது. கொஞ்சம் ஏறியும் இருந்தது. விளக்கும் எரியும்போது மட்டும் போனுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆனால் ரோஷினிக்குப் புள்ளி வேண்டியது இருட்டில் போகும்போதுதானே? சக்கரம் எனக்கு விளக்கைக் கொடுத்தது. அவளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஞாபகசக்தி டெஸ்டுக்கு வரச் சொல்லி ரோஷினி கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் முடியாது என்றிருப்பேன். கண்ணெல்லாம் கலங்கிக் கேட்டாள்.

"ஒருநாள் நீ என்கூட சைக்கிள்ல வா. அப்புறம் நான் உன்கூட டாக்டர்கிட்ட வர்றேன்" என்றேன். என் வாயா அது!

ஆகஸ்ட் 30, சனி

வந்தாள். வைஷாலியின் சைக்கிளில், ஹெல்மெட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.

கால்வாய் ஓரம் நான் முன்னால், அவள் பின்னால். "அம்மா, மெதுவாப் போம்மா, மூச்சு வாங்குது." எனக்குச் சிரிப்பு, காட்டிக்கொள்ளவில்லை. "இடது பக்கம் ஒதுங்கு, வேர் தூக்கியிருக்கு" என்றேன். வெளிச்சம் அப்போது வேரைத் தொடவே இல்லை. "இங்க பிரேக் பிடிச்சுக்க, ஒருத்தர் ரெண்டு நாயோட வருவார்." வந்தார். குட்மார்னிங் சொன்னார்.

சிராங்கூன் ரோடு சிக்னலில் நின்றோம். என் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. எங்கள் பக்கம் திரும்பிய லாரி ஒன்று எங்களைப் பார்த்து நின்று வழி விட்டது. ரோஷினி அந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் நாலு தோசை சாப்பிட்டாள். தனசேகரன் தம்பி, "அக்கா, வேலைக்கு ஆள் கூட்டிட்டு வந்தீங்களா, திங்க ஆள் கூட்டிட்டு வந்தீங்களா?" என்று கிண்டல் பண்ணினார்.

கை கழுவிவிட்டு வந்து சொன்னாள். "சைக்கிள் இருக்கட்டும்மா."

துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். பேசினால் அழுதுவிடுவேன் போல இருந்தது.

"ஆனா போனை தினம் நான் சார்ஜ்ல போட்டுடறேன். நீ ஒண்ணும் சொல்லக்கூடாது."

சுருக்கென்றது. பால் புட்டி கழுவி வைக்கிற மாதிரி எனக்கு ஒருத்தி போன் சார்ஜ் போடுவதா? வாய் வரைக்கும் வந்தது. அவள் நெற்றியில் ஹெல்மெட்டின் தடம் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"போட்டுக்க" என்றேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

டாக்டர் சின்னப் பெண். கடிகாரம் வரையச் சொன்னாள், வரைந்தேன். மூணு வார்த்தை சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டாள். ரெண்டு வந்தது. மூணாவது லிஃப்டில் இறங்கும்போது வந்தது. குடை. திரும்பப் போய்ச் சொல்லட்டுமா என்றேன், ரோஷினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வயசுக்கு ஏத்த மறதிதானாம். ஆறு மாசம் கழித்து மறுபடி வரச் சொல்லியிருக்கிறாள். வருவேன்.

அக்டோபர் 8, புதன்

காலையில் கிளம்பும்போது என் போன் முழுசாக ஏறியிருந்தது. தினமும் அப்படித்தான் இருக்கிறது. ரோஷினியின் போன் சோபா இடுக்கில் கிடந்தது. எடுத்துப் பார்த்தேன், கறுப்பு. நேற்று ஆபீஸ் வேலையெல்லாம் முடித்து அலுத்துப்போய் வந்தவள், என்னுடையதைப் போட்டுவிட்டுத் தன்னுடையதை மறந்திருக்கிறாள்.

என்னுடையதை உருவிவிட்டு அதே வயரில் அவளுடையதைச் செருகினேன். அவளிடம் சொல்லப்போவதில்லை.

நல்ல மழை பெய்து விட்டிருந்தது. பாதையெல்லாம் தண்ணீர். மெதுவாகத்தான் போனேன்.