புறாக்கூட்டு மாத்திரை

பிப்ரவரி 18
சாயங்காலம் புறாக்களை அடைக்க மொட்டை மாடிக்குப் போகும்போது கருத்தடை மாத்திரை ஒன்று. அட்டை மூன்றாவது கூட்டில், வைக்கோலுக்கு அடியில். மகள் ஷாதியா பிறந்தபோது போன ரத்தத்துக்கு நான் பிழைத்ததே பெரிது. இரண்டு வருஷமாவது அடுத்த பிள்ளை வேண்டாம் என்றார் டாக்டர். அத்தைக்குப் பேரன் வேண்டும். என் வீட்டுக்காரர் ரகப், அம்மா சொல்வதைத் தட்டமாட்டார்.

மார்ச் 10
இந்த மாதமும் மாதவிலக்கு இல்லை. மாத்திரையால் அப்படி ஆகும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். நிம்மதியாக நோன்பு வைக்கிறேன்.

மார்ச் 24
மாதவிலக்கு நாட்களில் நோன்பும் தொழுகையும் கிடையாதே, எப்படி இதை யோசிக்காமல் போனேன்? நோன்பு திறந்ததும் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.
"ஒரு நோன்பு விடல, ஒரு தொழுகை விடல. எங்கிட்டயே மறைக்கிறியாடி, நஜாத்?"
இல்லை அத்தை என்றேன். நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அதற்குள் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டார். கர்ப்பம் இல்லை என்றால், பிறகு ஏன் நின்றது என்று கேட்பாரே.

மார்ச் 25
மாடிப்படி ஏறக்கூடாதாம். புறாக்களை இனி அத்தையே பார்த்துக்கொள்வாராம். வெளியிலும் போகக்கூடாது, ஆட்டோ குலுக்குமாம்; வேறு அட்டை வாங்கவும் வழியில்லை.

மார்ச் 27
ரகப்பிடம் டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். "டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க" என்றார். காப்பிக் கடையில் எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்துவிட்டாராம். மாத்திரை விஷயம் வாய்வரை வந்தது. அவருடைய சந்தோஷத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். கோழை நான்.

மார்ச் 31
பெருநாள். அத்தை எனக்கு ஊட்டாத குறை. மேலே புறாக்கள் நடக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 9
தலைவலி என்று நேற்று ராத்திரியும் ரகப்பிடம் சொன்னேன். எத்தனை நாளைக்குச் சொல்ல முடியும்?

ஏப்ரல் 20
ரத்தம் வந்தால் போதும். கலைந்துவிட்டது என்று அத்தை அழுவார், நானும் அழுவேன், பிறகு படி ஏற விடுவார். ஏன் வரமாட்டேன் என்கிறது?

ஏப்ரல் 28
வரவில்லை.

மே 12
பூண்டு தாளித்த வாசம் குமட்டிற்று. முற்றத்தில் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். அத்தை ஓடிவந்து தலையைத் தாங்கிக்கொண்டார்.
"இவ்வளவு தாமசமா மசக்கை வருதுன்னா ஆம்பளப் புள்ளதான். நான்தான் அன்னைக்கே சொன்னேனே."
ஆமாம் அத்தை என்றேன். பயமாக இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, ஷாதியாவுக்கு இன்றே பாலை நிறுத்தச் சொன்னார்.